கேம் நடுவே கணினி அணைந்தால் உடனே ஃபார்மட் செய்யாதீர்கள்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி பட்டென்று அணைந்துவிட்டால், பலரும் முதலில் கை வைப்பது விண்டோஸில்தான். நானும் அப்படித்தான் ஃபார்மட் செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா கேமையும் மறுபடி இறக்கினேன். முதல் மேட்சிலேயே திரும்பவும் அணைந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ்ஸில். அது 600 விஏ, ஆனால் தாங்குவது 360 வாட்தான். பாட்டு கேட்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஒன்றும் ஆகாது. கேமில் கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடத் தொடங்கியதும் 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடும். காதில் ஹெட்செட் இருந்ததால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன், எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே நொடியில் மொத்தமும் அணைந்தால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். திரை மட்டும் கறுத்து, சத்தம் தொடர்ந்து வந்தால் கிராபிக்ஸ் கார்டையோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ சந்தேகிக்கலாம். நீலத் திரை வந்தால் அதில் இருக்கும் பிழைக் குறியீட்டை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாகத் தெரிந்ததும், கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். போன முறை விண்டோஸ் ஒழுங்காக மூடப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

அதிகம் பேர் கோட்டைவிடுவது ரேமில். அட்டைப்பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போடாவிட்டால் அதே ரேம் 2133 அல்லது 2666 போன்ற வேகத்தில்தான் ஓடும். எக்ஸ்எம்பி என்பதும் ஒரு வகை ஓவர்க்ளாக்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான், எல்லா மதர்போர்டும் எல்லா பிராசஸரும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் அதை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது.

திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே நம்புவதும் தவறு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர்கள் சிலவற்றில், அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் உருவான கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. பலர் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள். பழுது பிராசஸரில் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் போவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. உங்களிடம் அந்த பிராசஸர் இருந்தால் பயாஸை இன்றே புதுப்பியுங்கள். ஏற்கெனவே சேதமானதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, வாரண்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சூட்டைப் பற்றிப் பயம் கொஞ்சம் அதிகம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. எண்ணைப் பார்த்துப் பதறாமல் தூசியைத் தட்டுங்கள். கணினியை அணைத்துவிட்டுத் தூசி போகக் காற்று ஊதும்போது, ஃபேன் சுற்றாதபடி அதன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் டிரைவர், ரேம், கேபிள் மூன்றையும் மாற்றாதீர்கள். பிரச்சினை போய்விட்டாலும் எதனால் போனது என்று தெரியாது, திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

கடைசியாக, கேபிள். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 8-பின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வரையறை 150 வாட். கார்டில் இரண்டு இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள். கேபிள் போதவில்லை என்று வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததை மாட்டவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கச்சிதமாக உள்ளேயும் போகும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், ஹார்டு டிஸ்க்கும் அதில் இருந்த குடும்பப் படங்களும் அந்த நொடியே போய்விடும்.