டிராகன்மார்க் குடும்பங்களைச் சட்டென்று புரிய வைக்க
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் விளையாட்டில், எபெரான் என்ற கற்பனை உலகை வைத்து ஆட்டம் நடத்துபவர்கள் அங்குள்ள குடும்பங்களின் வரலாற்றை ஜெராக்ஸ் எடுத்து நீட்ட வேண்டாம். தொழிலைச் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். காயமா, ஜொராஸ்கோ குடும்பம். செய்தி அனுப்பணுமா, சிவிஸ். பயணமா, ஓரியன். அங்கே ரத்தவழியாக வரும் மந்திரக்குறி, அதாவது டிராகன்மார்க், ஒவ்வொன்றும் ஒரு தொழிலோடு ஒட்டியது. அந்தத் தொழிலைக் கையில் வைத்திருப்பதால்தான் குடும்பத்துக்கு அவ்வளவு செல்வாக்கு. நகை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி என்று சொல்லிப் பழகிய மதுரைக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும்.

நிழல்குறி என்ற டிராகன்மார்க்குக்கு இந்த வழி சரிவராது. அந்தக் குறியுள்ள ஃபியார்லான் குடும்பம் வெளியே ஆட்டமும் பாட்டும், உள்ளே வேவு. அதை முதலிலேயே உடைத்தால் ருசியே போச்சு. எந்தக் குடும்பத்துக்கும் உரியதல்லாத பிறழ்ந்த குறிகளையும் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.