சின்னக் குழந்தைகளோடு கரோட்சாவில் ஒரு வார இறுதி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஸ்பெயினின் கிராமப்புறத்தில் குழந்தைகளோடு இரண்டு இரவு தங்கி வர எந்த இடம் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கரோட்சா. கட்டலோனியாவின் வடகிழக்கில், பிரனீஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, ஒலோட் என்ற சிறுநகரைச் சுற்றிப் பரந்திருக்கும் இந்தப் பகுதியில் சுமார் 40 எரிமலைகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் காடும் புல்வெளியும் வளர்ந்துவிட்டதால், ஐந்து வயதுப் பிள்ளையும் தன் காலால் ஏறிப் பார்க்கக்கூடிய எரிமலைகளாக அவை இருக்கின்றன. பார்சிலோனாவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்.

எங்கள் மூத்தவளுக்கு 5 வயதும் இளையவனுக்கு 2 வயதும் ஆகியிருந்தபோது நாங்கள் முதன்முறை சென்றோம். அந்த முறை வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிட்டோமே தவிர, குழந்தைகள் உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் பார்த்துத் திட்டமிடவில்லை. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் தவறைத் திருத்திக்கொண்ட பிறகு நாங்கள் வகுத்துக்கொண்டவை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் சின்னக் குழந்தைகளுக்கு இதமானவை. அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை இங்குள்ள பீச் (beech) மரக்காடு செம்பொன் நிறமாக மாறும். அழகு உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில் வாகன நிறுத்துமிடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். எந்த மாதமானாலும் மழைச் சட்டையை எடுத்துவையுங்கள். "ஒலோட்டில் மழை இல்லையென்றால் எங்குமே மழை இல்லை" என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பழமொழி. கோடையிலும் இரவுக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

படி 2: சமையலறை உள்ள பண்ணை வீட்டைப் பிடியுங்கள்

இங்குள்ள பழைய கல் வீடுகளை மசீயா என்பார்கள். முன்பு கீழ்த்தளத்தில் மாடுகளும் மேல்தளத்தில் குடும்பமும் வாழ்ந்த அந்தப் பண்ணை வீடுகளில் பல இன்று விருந்தினர் தங்கும் வீடுகளாக மாறியிருக்கின்றன. விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிவுக்கு முன் நான்கு கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: சமையலறை நமக்கு மட்டுமா, பொதுவா, நீச்சல் குளம் இருந்தால் அதைச் சுற்றி வேலி உண்டா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, தொட்டிலும் குழந்தைக்கான உயர நாற்காலியும் தருவார்களா. தொட்டிலுக்கு ஸ்பானிஷில் "கூனா" என்றும், உயர நாற்காலிக்கு "த்ரோனா" என்றும் பெயர். இந்த இரண்டு சொற்களும் உணவகத்திலும் விடுதியிலும் பலமுறை கைகொடுக்கும்.

இரண்டு இரவும் ஒரே வீட்டில் தங்குங்கள். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று மாறினால் பெட்டி கட்டுவதிலேயே பாதி விடுமுறை கழிந்துவிடும்.

படி 3: வாகனம்

ஒலோட்டுக்குப் பேருந்து உண்டு. ஆனால் பண்ணை வீடுகள் ஊருக்கு வெளியே இருப்பதால் குழந்தைகளோடு செல்பவர்களுக்குக் கார்தான் பொருத்தம். 135 சென்டிமீட்டர் உயரத்துக்குள் உள்ள குழந்தைகள் பின் இருக்கையில், தங்கள் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும் என்பது ஸ்பெயினின் சட்டம். வாடகைக் கார் எடுத்தால் அந்த இருக்கையையும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். விக் நகரம் வழியாகச் செல்லும் பாதையில் கடைசி அரை மணி நேரம் மலைப்பாதை என்பதால், வாந்தி வரும் குழந்தைகளுக்கு விக் நகரிலேயே ஓர் இடைவேளை கொடுத்துவிடுவது நல்லது.

படி 4: சாப்பாட்டு நேரத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்றவை எதுவும் பயன்படாது. ஸ்பெயினில் உணவகங்களின் மதியச் சமையல் ஏறக்குறைய 1 மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்துவிடும். பிறகு இரவு எட்டரை மணி வரை பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு எரியாது. உள்ளூர்க் குழந்தைகள் மாலை 5 மணிக்குப் பள்ளி விட்டதும் ரொட்டியும் பழமுமாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு 9 மணி வரை காத்திருப்பார்கள். ஆறரைக்குச் சோறு உண்டு எட்டு மணிக்கு உறங்கிப் பழகிய நம் குழந்தைகளால் அது முடியாது. முதல் பயணத்தில் சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு ஓர் உணவகத்தின் மூடிய கதவுக்கு முன் நாங்கள் நின்றிருந்தோம். சின்னவன் பசியில் அழுது அழுது என் தோளிலேயே தூங்கிவிட்டான். அன்றிரவு அவன் சாப்பிடவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உணவகத்தில் சாப்பிடுவதை மதியத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 1 மணிக்கே மேசையை முன்பதிவு செய்யுங்கள். கூட்டம் வருவதற்கு முன் குழந்தைகள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இரவு உணவைத் தங்கும் வீட்டில் சமையுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஒரு சின்னக் குக்கர் ஆகியவற்றைக் காரிலேயே எடுத்துச் செல்லுங்கள். பால், காய்கறி, பழம் போன்றவற்றை வெள்ளிக்கிழமை மாலையே ஒலோட்டில் வாங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேக்கரி தவிரப் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

தயிர்ச்சோறு உண்ணும் குழந்தைகளுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. "லா ஃபஜெடா" என்ற நிறுவனம் காட்டுக்கு நடுவிலேயே மாடு வளர்த்துத் தயிர் தயாரிக்கிறது. மனநலக் குறைபாடும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களுக்கு மதிப்பான வேலை தர வேண்டும் என்பதற்காக, கிறிஸ்டோபல் கோலோன் என்ற உளவியலாளர் 1982-இல் தொடங்கியது அது. குப்பியின் மேல் "நதுரால்" என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு சொல் ஒட்டியிருந்தால் சர்க்கரையோ பழமோ கலந்திருக்க வாய்ப்புண்டு.

சைவம் உண்பவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. பன்றித்தொடையைச் சீவிப் போட்ட ஹாமையும் டூனா மீனையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றின் பெயரையும் சொல்லியே விலக்குங்கள். பக்கத்து ஊரான சாந்தா பாவ் சின்ன வெள்ளை மொச்சைக்குப் பெயர் பெற்றது. அதையும் பன்றிக் கொழுப்போடு சமைப்பது உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். தக்காளி தேய்த்த ரொட்டி, உருளைக்கிழங்கு ஆம்லெட், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், தேன் ஊற்றிய புதுப் பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

படி 5: சனிக்கிழமை காலை, எரிமலைக்கு

ஒலோட்டிலிருந்து சாந்தா பாவ் செல்லும் சாலையில் உள்ள சாந்தா மார்கரிதா வாகன நிறுத்துமிடத்துக்கு ஒன்பதரை மணிக்குள் போய்விடுங்கள். கட்டணம் உண்டு. இங்கிருந்து காட்டு வழியே ஏறி எரிமலையின் விளிம்பைக் கடந்து உள்ளே இறங்க வேண்டும். வேரும் கல்லும் நிறைந்த பாதை என்பதால் தள்ளுவண்டி பயன்படாது. கைக்குழந்தையை முதுகில் சுமக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் நடையில் ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

எரிமலையின் வாய் முழுவதும் வட்டமான பச்சைப் புல்வெளி. அதன் நடுவில் தனியாக ஒரு சின்னக் கல் கோயில் நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் பழைய கோயில் இடிந்தபின் பிற்காலத்தில் கட்டப்பட்டது அது. எங்கள் மகள் அந்தப் புல்லின் நடுவில் நின்றுகொண்டு "எரிமலை எங்கே அப்பா?" என்று கேட்டாள். சுற்றிலும் வளையமாக உயர்ந்திருக்கும் காட்டை விரலால் ஒரு சுற்றுக் காட்டினேன். அவளும் விரலை நீட்டிக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அரை மணி நேரம் அங்கிருந்து நகரவே இல்லை. அந்த அரை மணி நேரத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவையுங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலிருக்கும் குரோஸ்கட் எரிமலையையும் பாருங்கள். முன்பு கட்டுமானத்துக்காகச் சரளை வெட்டியெடுத்ததால் அதன் ஒரு பக்கம் தர்பூசணியைக் கீறியதுபோல் திறந்து கிடக்கிறது. கறுப்பும் சிவப்புமான அடுக்குகள் கண்ணெதிரே தெரியும். கீழே கிடக்கும் சரளைக் கல் ஒன்றைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பார்வைக்குக் கல், எடையோ பொரி உருண்டைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். உறையும்போது உள்ளே சிக்கிய வாயு விட்டுச்சென்ற துளைகளை அதில் ஒவ்வொன்றாக எண்ணலாம். பார்த்து முடித்ததும் அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா என்பதால் கல்லை எடுத்துச் செல்லக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பி உறங்க விடுங்கள். மாலைக்கு எதையும் திட்டமிட வேண்டாம். முற்றத்தில் கோழியைத் துரத்துவதே அவர்களுக்குப் போதும். மனம் கேட்கவில்லையென்றால் தயிர்ப் பண்ணையைப் பார்க்க முன்பதிவு செய்துகொள்ளலாம்.

படி 6: ஞாயிறு, காடும் திரும்பும் வழியும்

கான் செர்ரா வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஃபஜெடா தென் ஜோர்தா என்ற பீச் மரக்காட்டுக்குள் ஒரு சிறிய சுற்றுப்பாதை செல்கிறது. குரோஸ்கட் கக்கிய எரிமலைக் குழம்பு உறைந்த தரையின் மேல் வளர்ந்த காடு அது. அந்தப் பாறை மழைநீரை உடனே உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே ஓடை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு குப்பித் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். பாதைக்கு இருபுறமும் பாசி படர்ந்த மேடுகளைக் காண்பீர்கள். எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தவறுவது எளிது. குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெசலூ வழியாகத் திரும்புங்கள். இடையில் உள்ள காஸ்டெல்ஃபோயிட் தெ லா ரோக்கா ஏறக்குறைய 50 மீட்டர் உயர எரிமலைப் பாறையின் விளிம்பில் அமைந்த ஊர். ஓடும் வயதுக் குழந்தைகளோடு மேலே உள்ள பார்வைத் திடலுக்குப் போவதைவிட, கீழே ஆற்றோரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதே எனக்கு நிம்மதி. ஊரின் முழு வடிவமும் அங்கிருந்துதான் தெரியும். பெசலூவில் ஆற்றின் குறுக்கே நடுவில் வளைந்து செல்லும் பழைய கல் பாலம் இருக்கிறது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குழந்தைகளை நடக்க விடுங்கள். 1 மணிக்கு அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அவர்களின் மதிய உறக்கம் காரிலேயே முடிந்துவிடும். பார்சிலோனாவை நெருங்கும் வார இறுதி நெரிசல் கூடுவதற்கு முன் நீங்களும் வீடு சேர்ந்துவிடலாம்.