முள் மீட்டரைக் கழற்றி டிஜிட்டல் திரை மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகளின் பெரிய மராமத்து எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். இப்போது அதில் ஒரு வேலை கூடியிருக்கிறது: படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸில் உள்ள முள் மீட்டர்களைக் கழற்றிவிட்டு ஒரே டிஜிட்டல் திரை மாட்டுவது. போன தடைக்காலத்தில் இந்த வேலைக்கு வந்த இரண்டு தம்பிகளைப் பக்கத்துப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நான் எதையெல்லாம் சொதப்பினேனோ, அதையே அவர்களும் செய்தார்கள். எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

பிளஸ் மைனஸ் மாறுவது, ஃபியூஸ் போடாமல் விடுவது இதெல்லாம் யாருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

பழைய மீட்டரும் புதுத் திரையும் ஒரே சென்சாரில்

ஓனர் கேட்பார்: "புதுசு சரியா காட்டுதான்னு தெரியணும், பழசும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே." நியாயமாகத்தான் தோன்றும். நானும் ஒரு படகில் அப்படிச் செய்தேன். ஹீட் மீட்டர் ஒயரிலேயே ஒரு துண்டு பிரித்து, திரைக்குத் தகவல் அனுப்பும் கன்வெர்ட்டர் பெட்டிக்குக் கொடுத்தேன். முள் ஆடியது, திரையில் எண்ணும் வந்தது. கரையில் ஐடிலில் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஆறாம் நாள் அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. கடல் தண்ணி பம்பின் இம்பெல்லர் பிய்ந்து, இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. டீசல், ஐஸ், ஆறு நாள் உழைப்பு எல்லாம் நஷ்டம். டிரைவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "திரையில எழுவத்தெட்டுதாண்ணே காட்டுச்சு. முள்ளு ஏறிச்சு, அது பழசுதானேன்னு விட்டுட்டோம்." உண்மையைச் சொன்னது அந்த முள்தான்.

ஏன் அப்படி ஆனது? ஹீட் சென்சாருக்குள் இருப்பது ஒரு மின்தடை. சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். ஐரோப்பிய வகை 120 டிகிரி சென்சாரில் 80 டிகிரிக்குச் சுமார் 69 ஓம், 100-க்கு 38, 120-க்கு 22 இருக்கும். கன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு சின்ன கரண்டை அனுப்பி, சென்சாரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து ஓம் கணக்குப் போடுகிறது. பழைய மீட்டரும் தன் காயில் வழியாக அதே சென்சாருக்குக் கரண்டை இறக்கினால் அங்கே வோல்ட் கூடிவிடும். பெட்டி அதை ஓம் கூடியதாக எடுத்துக்கொள்ளும். ஓம் கூடினால் சூடு குறைவு என்று கணக்கு. கொதிக்கிற இன்ஜினுக்கு 78 காட்டியது இதனால்தான்.

ஆயில் பிரஷர் சென்சார் இதற்கு நேர்மாறு. ஐரோப்பிய வகையில் பிரஷர் ஏற ஏற ஓமும் 10-லிருந்து 180 வரை ஏறும். அதே தவறை அங்கே செய்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஆக, சூட்டைக் குறைத்தும் பிரஷரைக் கூட்டியும், இரண்டு பொய்யும் நம்மை நிம்மதியாக உட்காரவைக்கிற பக்கமாகவே போகின்றன. இன்றைக்கும் யாராவது அந்த ஒயரில் துண்டு பிரிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பழைய மீட்டர் இருந்தே ஆகவேண்டும் என்றால் அதற்குத் தனி சென்சார் போடுங்கள். பிளாக்கில் இன்னொரு துளை இல்லாவிட்டால், மீட்டரோடு சேர்ந்தே படிக்கிற கன்வெர்ட்டர்கள் உண்டு. ஆனால் அந்த செட்டிங்கை நாம்தான் மாற்றி வைக்கவேண்டும்.

அப்புறம், ஐடிலில் ஓட்டிப் பார்ப்பது ஒரு சோதனையே இல்லை. என் பையில் 22, 39, 68 ஓம் ரெசிஸ்டர்கள் எப்போதும் கிடக்கும். சென்சார் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 22 ஓமைப் பிடிப்பேன். திரையில் 120-ஐ ஒட்டி வரவேண்டும். பிறகு சென்சாரையே கழற்றி, அடிப்பகுதியைக் கொதிக்கிற கெட்டில் தண்ணீரில் முக்கி, மல்டிமீட்டரில் 38 ஓம் பக்கம் வருகிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிட வேலை.

சென்சார் வகையைப் பார்க்காமல் மெனுவில் 'ஓகே' அழுத்துவது

ஐரோப்பிய டீசல் சென்சார் காலி டேங்குக்கு 10, நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வகையில் காலிக்கு 240, நிறைந்தால் 33. மாற்றி வைத்தால் டீசல் தீரத் தீர திரையில் ஏறும்.

இன்னொன்று, படகின் அடி வளைவுக்கு ஏற்பச் செய்த டேங்கில் பாதி உயரம் என்பது பாதி டீசல் அல்ல. காலி டேங்கில் நூறு நூறு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் திரைக்கு அளவைச் சொல்லிக்கொடுங்கள்.

சென்சார் மரையில் டெஃப்லான் டேப்

ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப் அதைத் தடுக்கக்கூடும், சுற்றாதீர்கள்.

24 வோல்ட் படகில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுப்பது

கன்வெர்ட்டரிலிருந்து திரைக்குத் தகவல் போகும் என்எம்இஏ 2000 கேபிள் வரிசைக்கு 12 வோல்ட்தான், 9 முதல் 16-க்குள் இருக்கவேண்டும். அதற்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்தால் ஒன்று எப்போதும் குறையாகவும் மற்றது ஓவர் சார்ஜிலும் இருக்கும். இரண்டும் சீக்கிரமே போய்விடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் தனியாகப் போடுங்கள்.

முனைகளில் டெர்மினேட்டர்

அந்தக் கேபிள் வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர், அதாவது 120 ஓம் ரெசிஸ்டர், இருக்கவேண்டும். பவரை நிறுத்தி, கேபிளின் வெள்ளை ஒயருக்கும் நீல ஒயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஒன்று இல்லை. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள்.

பஸ்ஸரைக் கழற்றுவது

ஆயில் பிரஷர் சுவிட்சும் பஸ்ஸரும் தனி ஒயரில் அப்படியே இருக்கட்டும். திரை அணைந்தாலும் அது கத்தும்.