முதல் விதி மட்டும் காணாமல் போனது ஏன்?

வலைப்பக்கத்தின் தோற்றத்தை விதிகளாகச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும்போது, அவற்றை ஒன்றாக இணைக்கும் எங்கள் லைப்ரரி, திருப்பூர் பனியன் ஏற்றுமதித் தளம் ஒன்றில் 3 நாளாகச் சோதனையில் தோற்றது. இரண்டாவது கோப்பின் முதல் விதி மட்டும் வேலை செய்யவில்லை. கேஷை அழித்தோம், ஜிஜிப் சுருக்கத்தை நிறுத்தினோம், வெற்றிடங்களை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்கும் மினிஃபையரைக் கழற்றினோம்; பயனில்லை.

எடிட்டரில் ஒட்டிச் சேமித்த நகல் மட்டும் பாஸ் ஆனது. அதுதான் துப்பு: மூலக் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. கர்ல் கருவியில் இறக்கிய கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஓடி (od) கட்டளையில் பார்த்தால் தொடக்கத்தில் 239 187 191, அதாவது யூடிஎஃப்-8 பாம் (BOM) குறி; கோப்பின் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. கோப்பின் தொடக்கத்தில் இருந்தால் பிரவுசரே அதை நீக்கிவிடும். இணைத்த கோப்பின் நடுவில் சிக்கினால், சிஎஸ்எஸ்ஸுக்கு அதுவும் பெயரில் வரக்கூடிய ஓர் எழுத்துதான். விதியின் கிளாஸ் பெயருக்கு முன்னால் அது ஒட்டிக்கொள்ள, பிரவுசர் அதையே பெயராகக் கொண்ட ஒரு டேக்கைத் தேடும்; அப்படி ஒரு டேக் பக்கத்தில் இல்லை.

ஒவ்வொரு கோப்பின் பைட்டுகளையும் தனியே எழுத்துகளாக டிகோட் செய்து, பாமை நீக்கிவிட்டு இணைத்தோம். சோதனை பச்சை, அப்பாடா! தளம் அனுப்பும் கோப்பை இப்போது பைட்டாகவே சேமிக்கிறோம், எடிட்டர் வழியாக அல்ல.