முயல் பண்ணை: குட்டிகள் தங்காமல் போவது எங்கே?

வருஷத்துக்கு ஐந்து ஈத்து, ஈத்துக்கு ஆறு குட்டி என்று காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பலரும் முயல் வளர்ப்பில் இறங்குகிறார்கள். பெருக்கல் சரிதான், ஆனால் சமவெளியில் சித்திரை, வைகாசி என்று இரண்டு மாதம் இருக்கிறதே! கொட்டகைக்குள் வெப்பம் நாள்கணக்கில் 32 டிகிரிக்கு மேல் நின்றால் ஆண் முயலின் விந்து கெட்டுவிடும். வெயில் தணிந்த பிறகும் அது தேற ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். ஆடியில் சினை பிடிக்கவில்லை என்று பெண் முயலைக் கறிக்கு அனுப்புகிறவர்கள் பழுது எங்கே என்று பார்ப்பதில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்து முயல்களைப் பார்த்துவிட்டு வந்து, கீழே தகரக் கொட்டகை போட்டால் கதை முடிந்தது. ஓடு அல்லது கீற்று, பக்கத்தில் மர நிழல் வேண்டும்.

அடுத்தது இணை சேர்ப்பது. பெண்ணின் கூண்டுக்குள் ஆணை விட்டால் பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடித்துக் குதறும். பெண்ணைத்தான் ஆணிடம் கொண்டுபோக வேண்டும், காலையிலோ மாலையிலோ. சேர்ந்ததும் ஆண் பக்கவாட்டில் பொத்தென்று சாயும். வேலை முடிந்தது, பெண்ணை எடுத்துவிடலாம். ராத்திரி முழுக்க விட்டு வைப்பது வீண். அன்றைய தேதியைக் கூண்டு அட்டையில் எழுதுங்கள். எழுதாதவர்தான் சினைக்காலமான 31 நாளைத் தவறவிட்டு, கம்பி வலைமேல் விறைத்துக் கிடக்கும் குட்டிகளைக் காலையில் பார்க்கிறார். 27, 28-ஆம் நாளே வைக்கோல் பரப்பிய ஈனும் பெட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

பிறந்த பிறகு நடப்பது பதற்றத்தால் வரும் தவறு. தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடம்தான் பாலூட்டும். இது தெரியாமல், "தாய் கிட்டேயே போகல" என்று பசும்பாலைப் புகட்டுகிறார்கள். குட்டியின் வயிற்றைப் பாருங்கள்: உருண்டு விம்மியிருந்தால் பால் குடித்திருக்கிறது, தோல் சுருங்கியிருந்தால் இல்லை. அப்படிப்பட்டதை, இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் ஈன்ற வேறொரு தாயிடம் சேர்த்துவிடலாம். செத்த குட்டியை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

தீவன விஷயம் சுருக்கமாக: நார்ச்சத்து குறைந்தால் கழிச்சல் வரும். தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தை மட்டும் கொட்டாமல், வேலிமசால் என்ற பசுந்தீவனப் பயிர், புல் என்று கொடுங்கள். பனி ஈரத்தோடு வேண்டாம், வாடவிட்டுப் போடுங்கள். தாயிடமிருந்து பிரிக்கும் வாரத்திலேயே தீவனத்தையும் மாற்றாதீர்கள்.

மருந்தில்தான் எனக்குப் பயம் அதிகம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, முயலும் செத்துப்போகலாம். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு விஷம். காதில் சொறி தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், "குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால், இதே மாதிரி வாக்கை நம்பிப் பலர் பணத்தை இழந்த ஈமு கோழி வளர்ப்பை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கறிக்கடையில் வாரம் எத்தனை கிலோ முயல்கறி போகும் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற அளவு கூண்டு வாங்குங்கள்.