குழந்தையோடு நாடு நாடாக ரயிலில்: திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் ரயிலிலேயே நாலைந்து நாடுகளைச் சுற்றி வர நினைக்கும் பெற்றோர் முதலில் கணக்குப் போடுவது நேரத்தைத்தான். லண்டனிலிருந்து பாரிஸ் சுமார் இரண்டரை மணி நேரம், பாரிஸிலிருந்து சூரிச் நாலு மணி நேரம், அங்கிருந்து மிலான் மூன்றரை மணி நேரம். மொத்தமே பத்து மணி நேரம், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். சறுக்கல் இந்தக் கூட்டலில்தான் ஆரம்பிக்கிறது.

ஓடுகிற ரயிலில் சின்னப் பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே இருப்பார்கள். ஜன்னல் உண்டு, எழுந்து நடக்கலாம், கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது. பாடுபடுத்துவதெல்லாம் ஒரு ரயிலை விட்டு இறங்கி இன்னொன்றில் ஏறும் இடைவெளிதான். அதனால் எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை மாற்றம் என்று எண்ணுங்கள். என்னைக் கேட்டால், கைக்குழந்தையோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும்.

செயலி காட்டும் எட்டு நிமிட இணைப்பை நம்புவது

பயணச் செயலிகள் தனி ஆள் வேகமாக நடந்தால் பிடிக்கக்கூடிய இணைப்பையும் தயங்காமல் காட்டும். ஸ்ட்ரோலரும் பெட்டியும் இருந்தால் படிக்கட்டு உதவாது, லிஃப்டைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் நடைமேடையின் மறுகோடியில் இருக்கும், முன்னால் நாலு பேர் நிற்பார்கள். ஜெர்மன் ரயில்வே செயலியில் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நீங்களே கூட்டி வைத்துத் தேடலாம். நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் தனிக் கதை. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக வரும் யூரோஸ்டார் ரயில் வந்து நிற்பது கார் து நோர் நிலையத்தில். சூரிச் ரயில் கிளம்புவது கார் து லியோனில். இடையே நகர ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். ஆனால் நெரிசலான சுரங்கப் பாதைகளில் பெட்டியோடு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். போதாததற்கு, பிரான்சின் அதிவேக ரயில்களில் புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். இரண்டு மணி நேரமாவது விடுங்கள், இல்லையென்றால் அன்றிரவு பாரிஸிலேயே தங்கிவிடுங்கள். தெற்கு பிரான்ஸ்தான் போகிறீர்கள் என்றால் பாரிஸையே தவிர்க்கலாம்: லண்டனிலிருந்து லீல் நகருக்கு வந்து, அதே நிலையத்தில் தெற்கே போகும் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

அப்புறம் தனித்தனி டிக்கெட் விவகாரம். இரண்டு ரயிலுக்கும் வேறு வேறு இடத்தில் மலிவாகப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், பொதுவாக அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான். முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், 2023 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் மாற்று ரயிலையோ பணத்தையோ நீங்கள் கேட்டு வாங்கலாம்.

பாஸ் இருந்தால் இடமும் இருக்கும் என்று நினைப்பது

ஒவ்வொரு ரயிலுக்கும் தனி டிக்கெட் எடுக்காமல் பல நாடுகளில் பயணிக்க பாஸ் உண்டு: ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு யூரெயில், வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். இரண்டுமே 33 நாடுகளில் செல்லும். 4 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளுக்கு பாஸ் இலவசம். ஆனால் தானாக வந்துவிடாது, பெரியவரின் பாஸோடு சேர்த்துக் கேட்டு எடுக்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழே பாஸே வேண்டாம்.

பாஸ் என்பது கட்டணத்துக்குத்தான், இருக்கைக்கு இல்லை. யூரோஸ்டார், பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அதிலும் யூரோஸ்டாரில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான், கோடை விடுமுறையில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. அதற்காகச் சும்மா ஏறிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடைபாதையில் நிற்க நேரும்போது, மிச்சம் பிடித்த சில யூரோ பெரிதாகத் தெரியாது.

பாஸ் வாங்கும் முன் சாதாரண டிக்கெட் விலையையும் கூட்டிப் பாருங்கள். இலவச வயது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெற்றோரோடு வரும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை. பிரான்சிலும் யூரோஸ்டாரிலும் நாலு வயது நிரம்பினாலே காசு. ஐந்து வயதுப் பிள்ளை பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு இலவசமாகப் போகும், பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகாது. இலவசம் என்றால் பெரும்பாலும் உங்கள் மடிதான் இருக்கை என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையை நாலு மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த ரயில்பெட்டி என்று பார்க்காமல் பதிவு செய்வது

ஜெர்மனியின் ஐசிஇ எனும் அதிவேக ரயில்களில் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கென்றே கதவு போட்ட சிறு அறை உண்டு, ஸ்ட்ரோலர் நிறுத்தவும் இடமிருக்கும். சுவிட்சர்லாந்தின் இரட்டைத்தள இன்டர்சிட்டி ரயில்கள் பலவற்றில் குடும்பப் பெட்டியின் மாடியில் சறுக்குமரத்தோடு விளையாட்டு இடமே இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘எந்த இருக்கையானாலும் சரி’ என்று அழுத்தினால் அமைதிப் பெட்டியில் இடம் விழலாம். அங்கே பிள்ளை ஒருமுறை சிணுங்கினால் போதும், பத்துத் தலை திரும்பும்.

ஏறுவதற்கும் ஒரு முன்யோசனை வேண்டும். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் நடைமேடையில் ஏ, பி, சி என்று பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பது அறிவிப்புத் திரையில் வரும். முன்னதாகவே அங்கே போய் ஸ்ட்ரோலரை மடித்து வைத்துவிடுங்கள். இடைநிலையங்களில் ரயில் நிற்பது பல நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். இரண்டு பெரியவர்கள் என்றால் ஒருவர் ஏறி நின்று பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்து சாமான், கடைசியில் மற்றவர். தனியாகப் போகிறீர்கள் என்றால் பிள்ளையை உடலோடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஸ்ட்ரோலரைவிட உதவும், இரண்டு கையும் மிச்சம்.

இரவு ரயிலின் காலை நேரத்தை மறப்பது

ஹோட்டல் வாடகை மிச்சம், தூங்கி எழுந்தால் வேறு நாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரயிலின் படுக்கை அறையைக் குடும்பத்துக்கு மட்டும் தனியாக எடுத்தால் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். சிக்கல் மறுநாள் காலையில். ஏழு மணிக்கு அரைத்தூக்கத்தில் இறங்குவீர்கள், ஹோட்டல் அறை கிடைப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. நடுவிலிருக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்கு சாமான் எங்கே, குளியல் எங்கே, பிள்ளையின் பகல் தூக்கம் எங்கே என்று முன்பே முடிவு செய்யுங்கள். முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறையை எடுத்து, நேராகப் போய்ப் படுத்துவிடுவது வீண்செலவு மாதிரித் தெரியும். ஆனால் இரவு ரயில் சுகமாக முடிய அதுதான் வழி.

விசாவை ஒரே வரியில் முடிப்பது

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். விசா தேவைப்படுகிறவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட், தனி விசா. ஆறு வயதுக்குக் கீழ் விசாக் கட்டணம் இல்லை, 12 வயதுக்குள் 45 யூரோ, பெரியவர்களுக்கு 90 யூரோ. பலர் கோட்டை விடுவது பிரிட்டனில். பாரிஸ், லண்டன், பிரஸ்ஸல்ஸ் என்று போனால் நடுவில் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா இருந்தால் லண்டனிலேயே நிற்க வேண்டியதுதான். பிரிட்டனுக்கான அனுமதி வேறு தனி.

ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது என்பதும் முழு உண்மையல்ல. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நிலவழி எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ஓடும் ரயிலில் போலீஸ் வந்து பாஸ்போர்ட் கேட்பது அங்கே சகஜம். பாஸ்போர்ட்டை மேல்தட்டில் ஏற்றிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

எப்போதும் வேகமான வழியையே எடுப்பது

சூரிச்சிலிருந்து இத்தாலிப் பக்கம் போகும் வேக ரயில்கள் 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கத்தில் புகுந்துவிடும். ஏறக்குறைய இருபது நிமிடம் ஜன்னலில் இருட்டுதான். பழைய மலைப்பாதையிலும் ரயில் ஓடுகிறது, நேரம் கூடுதலாகும். அந்தப் பாதை சுருண்டு சுருண்டு மலையேறுவதால் வாசன் என்ற ஊரின் தேவாலயம் மூன்று உயரங்களில் மூன்று முறை கண்ணில் படும். அது மறுபடி எப்போது வரும் என்று தேடச் சொன்னால் பிள்ளை ஜன்னலை விட்டு நகராது. யூரோஸ்டாரில் கடலுக்கடியில் போகப்போகிறோம் என்று மீன் காட்டுவதாக ஆசை காட்டிவிடாதீர்கள். அங்கேயும் வெறும் இருட்டுதான்.

யூரோஸ்டாருக்கு விமான நிலையம் போலச் சோதனை உண்டு. வழக்கமாகப் புறப்பட அரைமணி நேரம் முன்பே நுழைவை மூடிவிடுவார்கள். ஆனால் விமானத்தில் உள்ள நூறு மில்லி கட்டுப்பாடு இங்கே இல்லை. பால் புட்டியையும் தண்ணீரையும் நிறைத்தே எடுத்துப் போகலாம்.