புலாவ் உபினில் சைக்கிள் எடுக்கும் முன்

சிங்கப்பூரின் சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் பத்து நிமிடப் படகுப் பயணம்தான். நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கட்டணம் கொடுக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் கடையிலேயே பணத்தை நீட்ட வேண்டாம். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், கியர் மாறுகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். தீவின் கிழக்கு முனையிலுள்ள கடலோரச் சதுப்பு நிலமான செக் ஜாவா போகும் வழியில் சரளைக்கல் இறக்கங்கள் உண்டு. அங்கே முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆள் கீழேதான்! பின் பிரேக்கைச் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும்.

செக் ஜாவா மரப்பாலத்தில் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை. வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடையில் தின்பண்டப் பையை விட்டுப் போகாதீர்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் அதற்காகவே காத்திருக்கும். கடல் வற்றும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போனால் நண்டும் நட்சத்திர மீனும் கண்ணில் படலாம்.

அப்புறம், இருட்டும்வரை சுற்றாதீர்கள். மாலையில் ஆள் குறைந்தால் 12 பேர் சேர நேரமாகும்.